நம்ம கணவாயப் பத்தி நடந்த ஆராய்ச்சிங்க – வாயனசாலைக் கூட்டத்துக்கு எதைப் படிக்கலாம்?

வாயனசாலை_கதிர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்க வாயனசாலைல, அதாங்க ஊரு நூலகத்துல, மாசம் ஒருக்கா கூடி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைய எடுத்து வெச்சுப் படிச்சு தமிழ்லயே பேசறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம், கதை கவிதைக் கூட்டம் எப்பவும் போல நடக்கும், இது தனிக் கூட்டம். எடுத்துக்கிட்ட விஷயம் நாம குடியிருக்கிற எடமே, பாலக்காட்டுக் கணவாய்.

தேட ஆரம்பிச்சதுமே மலைப்பா இருந்துச்சுங்க. பாறை பாக்கறவங்க எழுதியிருக்காங்க, யானையோட ஜீன் பாக்கறவங்க எழுதியிருக்காங்க, சோலைக்காட்டுப் பறவை, காத்து, ரோமாபுரிக் காசு, பாஷை, நிலத்தடித் தண்ணின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கூட்டம் எழுதியிருக்குது. வடக்க தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெக்க ஆனைமுடி 2,695 மீட்டர், நடுவுல இந்தக் கணவாய் 140 மீட்டர் சொச்சத்துல தாழ்ந்து கிடக்குது. இந்த ஒரு எறக்கத்த வெச்சு இத்தனை துறைக்காரங்க இத்தனை கேள்வி கேட்டிருக்காங்க, ஆனா இங்கயே பொறந்து வளந்த நமக்கு அதுல ஒண்ணு கூட வந்து சேரல.

என்னோட எண்ணம் என்னன்னா, தனித்தனியாப் படிச்சா அரைகுறையாத்தான் புரியும். பாறைக்காரங்க சொல்ற வயசையும் பறவைக்காரங்க சொல்ற வயசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் எது எதனால வந்துச்சுன்னு கேக்கவே முடியும். அதனால மொதக் கட்டுரையா எத எடுக்கலாம்னு சொல்லுங்க. காசு கட்டாமப் படிக்கக் கிடைக்கணும், ப்ளஸ் டூ படிச்சவங்களுக்கு எடுத்துச் சொன்னாப் புரியணும்.

மீனா_வேலந்தாவளம்

கதிரண்ணா, யானைலருந்து ஆரம்பிங்க. நான் மரபியல் படிக்கிறவ, இந்தக் கட்டுரையப் படிச்சுட்டுத்தான் இந்தப் பக்கமே வந்தேன்னு வெச்சுக்கோங்க. 2005-ல ஹெரிடிட்டிங்கற ஜர்னல்ல வந்தது, வித்யா, சுகுமார் இவங்கள்லாம் சேந்து எழுதினது. நீலகிரி, ஆனைமலை, பெரியாறு மூணு எடத்து யானைங்களோட டிஎன்ஏவ ஒப்பிட்டுப் பாத்தாங்க.

யானையப் புடிச்சு ரத்தம் எடுக்க வேண்டியதில்லங்கறதுதான் இதுல அழகு. புதுசாப் போட்ட லத்தியோட மேல்பரப்புல ஒரு வழவழப்பு இருக்கும் பாத்திருப்பீங்க, அதுல யானையோட குடல்ல இருந்து உதிர்ந்த செல்லுங்க ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை மட்டும் சொரண்டி எடுத்து கெட்டுப்போகாம வெச்சு லேப்புக்குக் கொண்டுபோனாப் போதும். வெயில் பட்டு ரொம்ப நேரம் ஆயிருச்சுன்னா டிஎன்ஏ சிதைஞ்சுரும், அதனால காலங்காத்தால போகணும்.

கிடைச்ச முடிவு என்னன்னா, உலகத்துலயே ஆசிய யானைங்க ஒரே கூட்டமா ரொம்ப அதிகமா இருக்கிற எடம் நீலகிரி, ஆனா அங்க தாய்வழி டிஎன்ஏ ஒரே ஒரு வகைதான் இருந்துச்சு. சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, எங்க எடுத்தாலும் அதே வகை. ஆனைமலையும் பெரியாறும் அதைவிட சின்னக் கூட்டம், ஆனா அங்க வேறுபாடு அதிகம். ஆனைமலை யானைக்கும் பெரியாறு யானைக்கும் நடுவுல வித்தியாசமே தெரியல. நீலகிரி யானை மட்டும் இவங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் தனியா நிக்குது. நடுவுல இருக்கிறது வெறும் 40 கிலோமீட்டர் கணவாய், நம்ம ஊரு.

எருத்தேம்பதி_ராசு

நல்லா இருக்குது அம்மிணி. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். யானை ஒரு நாளைக்கு எத்தனை தூரம் நடக்கும், 40 கிலோமீட்டரு அதுக்கு ஒரு தூரமா? நம்ம ரோடு, ரயிலு, ஊரு, தோட்டம் எல்லாம் குறுக்க வந்ததாலதான அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாம நின்னுருச்சு? அப்ப இது கணவாயோட வேலையா, மனுசனோட வேலையா? வாளையார்ல யானை ரயில்ல அடிபட்டுச் சாகறத சின்ன வயசுலருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கறேன்.

மீனா_வேலந்தாவளம்

ராசண்ணா, இதத்தான் மொதல்ல கேக்கணும். ரயில் பாதை 1862-ல போத்தனூர்ல இருந்து பட்டாம்பி வரைக்கும் வந்துருச்சு. யானைக்கு ஒரு தலைமுறைங்கறது இருவது இருவத்தஞ்சு வருஷம்னு வெச்சா அன்னைலருந்து இன்னைக்கு ஏழெட்டு தலைமுறைதான் ஆகுது. தாய்வழி டிஎன்ஏல வகையே மாறி நிக்கணும்னா அந்தக் காலம் பத்தாது. பொட்டை யானைங்க பொறந்த கூட்டத்த விட்டுப் போகாது, அம்மா, பாட்டி, சித்தின்னு கூடவே சுத்தும், அதனால தாய்வழி டிஎன்ஏ ஒரு எடத்துலயே தங்கிரும். ஆண் யானை தனியாப் போகும். அது கணவாயத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேந்திருந்தா மத்த டிஎன்ஏலயாவது கலப்பு தெரிஞ்சிருக்கணும், அதுலயும் வித்தியாசம் இருக்குது. அதனால பிரிவு பழசு. ரயிலும் ரோடும் இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் அடைக்குது, அது வேற கவலை, அதையும் கூட்டத்துல பேசத்தான் வேணும்.

அந்தக் கட்டுரையிலயே இயற்கைத் தடை, யானையோட குடும்ப வாழ்க்கை முறை, ஒரு காலத்துல எண்ணிக்கை ரொம்பக் கொறஞ்சு போனது, இப்படிப் பல காரணமும் சேந்துதான் இந்த நெலமைன்னு சொல்றாங்க. கணவாய் ஒண்ணுதான் காரணம்னு யாரும் அடிச்சுச் சொல்லல.

கல்பாத்தி_கிருஷ்ணன்

மீனா நன்னா எழுதியிருக்காள். நான் வேலைல இருந்த காலம் பூரா கணக்கோடயே இருந்தவன், அதனால ஒண்ணு சொல்லட்டும். கட்டுரைல 40 கிலோமீட்டர்னு இருக்கு, ஸ்கூல் புஸ்தகத்துல 30னு இருக்கும், ரெண்டும் சரிதான், எந்த எடத்துல எந்த ஒசரத்துல இருந்து அளக்கறாங்கறதப் பொறுத்தது. இப்படி ஒரே விஷயத்துக்கு ரெண்டு நம்பர் வந்தா கூட்டத்துல சண்டை வரும், அதனால ஆரம்பத்துலயே எதை எப்படி அளந்தான்னு ஒரு கட்டம் போட்டு எழுதி வெச்சுக்கோங்கோ. எந்தக் கட்டுரைய எடுத்தாலும் முடிவுக்குப் போறதுக்கு முன்ன எத்தனை மாதிரி எடுத்தா, எங்கெங்க எடுத்தான்னு பாக்கணும். நான் எப்பவும் அந்தப் பகுதியத்தான் மொதல்ல படிப்பேன், முன்னுரை அப்பறம்.

காத்தைப் பத்தியும் ஒரு கட்டுரை எடுங்கோ. ஆடி மாசம் மேற்கேருந்து வர காத்து இந்த வழியாத்தான் உடுமலை, பல்லடம் வரைக்கும் போயிண்டு இருக்கு, காத்தாடி அத்தனையும் அங்க நிக்கறதுக்கு இந்த வழிதான் காரணம். மார்கழில அதே வழியா வறண்ட காத்து கெழக்கேருந்து திருச்சூர் வரைக்கும் போறது. மலை இல்லாத எடத்துல ரெண்டு பக்கத்துக் காத்தும் மாறி மாறி ஓடறது, அதுல நம்ம வெயிலும் பயிரும் மாறறது.

கஞ்சிக்கோடு_பாறைமுத்து

நான் ஜியாலஜி படிச்சவன், கல்குவாரிங்க மத்தியிலயே வேலை. கணவாய்னு சொல்லும்போது ரெண்டு விஷயத்தப் போட்டுக் குழப்பிக்கிறாங்க, அதை மொதல்லயே பிரிச்சு வெச்சுருங்க.

ஒண்ணு, பூமிக்கு அடில இருக்கிற பாலக்காடு–காவேரி வெட்டுமண்டலம். பாறைங்க ஆழத்துல சூடாகி ஒண்ணை ஒண்ணு ஒரசி நழுவின பட்டை அது. கோண்டுவானா கண்டம் ஒட்டிச் சேந்த காலத்துல, சுமார் 55 கோடி வருஷம் முன்னாடி, அதுல பெரிய அசைவு நடந்திருக்கு. மடகாஸ்கர்ல ரனோட்சாரான்னு ஒரு பட்டை இருக்கு, ரெண்டும் ஒரு காலத்துல ஒண்ணா இருந்ததுன்னு பல பேர் எழுதியிருக்காங்க, அப்படி இல்லன்னு வாதம் பண்றவங்களும் இருக்காங்க. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிஞ்சது சுமார் 8.8 கோடி வருஷம் முன்னாடி.

ரெண்டாவது, நம்ம கண்ணுக்குத் தெரியற இந்தத் தாழ்வு. இது பாறைப் பட்டைய விட ரொம்ப எளசு. நொறுங்கின பாறை மேல ஆறு ஓடி அரிச்சுதா, ரெண்டு பக்கமும் நெலம் ஒசந்துச்சா, பழைய ஆறு ஒண்ணு கெழக்க மேற்க ஓடுச்சா, இதுல எதுன்னு இன்னும் சண்டை நடக்குது. அதனால கணவாய்க்கு 50 கோடி வருஷம்னு யாராவது எழுதினா அது பாறையோட கதையா பள்ளத்தோட கதையான்னு கேளுங்க. உயிரியல் கட்டுரைங்கள்ல இந்த எடத்துல அடிக்கடி வழுக்குது, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

மீனா_வேலந்தாவளம்

முத்தண்ணா சொல்றது ரொம்ப முக்கியம், எங்க பக்கத்துல சில பேரு அப்படி எழுதறாங்கதான். ஆனா எல்லாருமே இல்ல. சோலைக்கிளின்னு ஒரு பறவை, நீலச் சாம்பல் நெறத்துல, சோலைக்காட்டுக்குள்ள தரைகிட்டயே திரியும், மலைக்கு மேல மட்டும்தான் இருக்கும், கீழ எறங்கவே எறங்காது. ராபின், அனிந்தியா சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் மூணு பேரும் 2010-ல ப்ளோஸ் ஒன்ங்கற ஜர்னல்ல எழுதினாங்க, வலை கட்டிப் புடிச்சு துளி ரத்தம் எடுத்துட்டு பறவையத் திருப்பி விட்டுருவாங்க. கணவாய்க்கு வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணு, ரெண்டும் பிரிஞ்சு பல பத்து லட்சம் வருஷம் ஆயிருச்சு. பின்னால 2017-ல சோலிகோலான்னு தனிப் பேரினமே வெச்சாங்க, வடக்க இருக்கிறது ஒரு இனம், தெக்க இருக்கிறது இன்னொரு இனம்.

இப்ப பாருங்க, பறவை பிரிஞ்சது பல பத்து லட்சம் வருஷம், கணவாய் அதைவிட எத்தனையோ பழசு. பள்ளம் ஏற்கனவே இருந்திருக்கு, அப்ப இந்தப் பறவை எப்படி ரெண்டு பக்கமும் போய்ச் சேந்துச்சு? நடுவுல ஏதோ ஒரு காலத்துல சோலைக்காடு கீழ வரைக்கும் எறங்கியிருக்கணும், குளிர் ஜாஸ்தியாகி காடு தாழ வந்து பறவை கடந்திருக்கணும், பொறவு வெயில் ஏறி காடு மலை மேல போய் ரெண்டு பக்கமும் தனியாயிருச்சு. அதனால கட்டுரைத் தலைப்புலயே பழைய இடைவெளிகளோட பழங்கால காலநிலையையும் சேத்துப் போட்டாங்க. பாறைக்காரங்க வயசு கையில இல்லன்னா இந்தக் கேள்வியே வந்திருக்காது, கதிரண்ணா மொதல்ல எழுதினதும் இதுதான்.

கஞ்சிக்கோடு_பாறைமுத்து

அப்படி வாங்க, இப்ப ஒத்துக்கறேன். இன்னொண்ணும் சேத்துக்கோங்க, 2003-ல பிஜுவும் போஸ்சைட்டும் நேச்சர்ங்கற ஜர்னல்ல எழுதின ஊதாத் தவளை. வருஷம் பூரா மண்ணுக்கு அடிலயே கிடந்து மழைக்கு மட்டும் கொஞ்ச நாள் மேல வர தவளை. அதோட நெருங்கின சொந்தம் இருக்கிறது செஷல்ஸ் தீவுல, நடுவுல முழுக் கடல். கண்டம் பிரிஞ்ச கதைக்கு எங்க பாறையும் உங்க தவளையும் ரெண்டு தனித்தனி சாட்சி. கூட்டத்துல இதைச் சொன்னா சின்னப் பசங்க கூட உக்காந்து கேப்பாங்க.

எருத்தேம்பதி_ராசு

குளிரு ஜாஸ்தியாச்சு காடு எறங்குச்சுன்னு சொல்றீங்களே, அதை யாரு போய்ப் பாத்தது? அதுக்கு என்ன அத்தாட்சி?

மீனா_வேலந்தாவளம்

பறவை காலத்துக்கு நேரான அத்தாட்சி கஷ்டமுங்க ராசண்ணா, அது அனுமானம்தான். ஆனா காலநிலை மாறுனா மலை மேல செடிகொடி மாறும்ங்கறதுக்கு நீலகிரியிலயே அத்தாட்சி இருக்குது. ஊட்டிப் பக்கம் சதுப்பு நெலத்துல புல்லும் தழையும் மக்கிக் கருப்பா அடுக்கடுக்காப் படிஞ்சிருக்கும், அதை ஆழமா வெட்டி எடுத்து 1993-ல நேச்சர்ல ஒரு கட்டுரை போட்டாங்க. யானை ஆராய்ச்சிக்குப் பேர் போன சுகுமாரும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துல இருந்த ரமேஷும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து எழுதினது, சுமார் 20,000 வருஷத்துக் கதை.

உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். நம்ம சோளம், கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் ஒரு விதமா காத்துல இருந்து கரி எடுக்குது, நெல்லு, தென்னை, மரமெல்லாம் வேற விதமா எடுக்குது. கரியிலயே கொஞ்சம் கனமான ஒண்ணு இருக்குது, 13சி-ன்னு பேரு, சோள வகை அதை அதிகமா சேத்துக்கும், மர வகை கொறச்சலா சேத்துக்கும். கருவியில வெச்சு அளந்தா மர வகைக்கு −27 பக்கம் வரும், சோள வகைக்கு −13 பக்கம் வரும். செடி மக்கி மண்ணானாலும் அந்த நம்பர் போகாது. வறட்சிக் காலத்துல சோள வகைப் புல்லு பரவும், மழைக் காலத்துல மர வகை ஏறும். அந்த அடுக்குங்கள அளந்தப்போ கடைசிப் பனியுகத்துல இங்க வறட்சி, பொறவு சுமார் 11,000 வருஷம் முன்னாடி பருவமழை பலமா இருந்துச்சுன்னு தெரிஞ்சுது.

எருத்தேம்பதி_ராசு

ஓ, இது பிடிச்சிருக்குது எனக்கு. நம்ம பக்கம் கரிசல் மண்ணு, கேரளாவுல வேற எங்கயும் இந்த மாதிரி கரிசல் கிடையாது, கோடைல கை நொழையற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். அதுலயும் இப்படிப் பாத்திருக்காங்களா?

கஞ்சிக்கோடு_பாறைமுத்து

கரிசல்ல ஒரு சிக்கல் இருக்குது அண்ணா. வெடிப்புக்குள்ள மேல் மண்ணு விழுந்து, மழைல ஊறி உப்பி, மறுபடி காயும்போது அடி மண்ணு மேல வரும். அடுக்கு கலைஞ்சுரும். ஆழமா இருக்கிறது பழசுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்ல முடியாது. சதுப்பு நெலம் கலையாமக் கிடக்கும், அதனாலதான் அவங்க அங்க போனாங்க.

சித்தூர்_தமிழ்வாத்தியார்

பாறையும் பறவையும் பேசி முடிங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன், இப்ப மனுசன் கதைக்கு வரேன். சேர நாட்டுக்கும் கொங்குக்கும் வழி இந்தக் கணவாய்தான். நொய்யல் கரைல கொடுமணல், 1985-ல இருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு பண்ணின எடம், பச்சைக்கல்லு, நீலக்கல்லு, சூதுபவளம்னு மணி அறுத்த பட்டறை இருந்திருக்கு, தமிழி எழுத்து கீறின பானை ஓடு நெறைய. அந்த ஊரப் பதிற்றுப்பத்து கொடுமணம்னு சொல்லுது, சேரன் பாட்டுல கொங்கு நாட்டு ஊரு. பச்சைக்கல்லு கிடைச்ச படியூரு அங்கிருந்து பக்கம்தான். கோயமுத்தூர் சீமை முழுக்க ரோமாபுரிச் சக்கரவர்த்திங்க அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசு கிடைச்சிருக்கு. மேற்க கேரளக் கடலோரம் போனா பட்டணம்னே பேருள்ள ஒரு ஊரு, 2007-ல இருந்து தோண்டினாங்க, மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடித் துண்டுங்க குவியலா வந்துச்சு. அதுதான் சேரரோட பழைய துறைமுகம் முசிறின்னு சொல்றவங்க இருக்காங்க, இன்னும் முடிவாகலன்னு சொல்றவங்களும் இருக்காங்க. வியன்னால ஒரு பாபிரஸ், அதாவது பழைய நாணல்தாள் ஆவணம், இருக்கு, ரெண்டாம் நூற்றாண்டு, 1985-ல அச்சுல வந்தது, ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கு வாங்கின கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மாபோலான்ங்கற கப்பல்ல வந்த சரக்கோட மதிப்பு. யானைத் தந்தம் அதுல இருக்குது. அந்தத் தந்தத்துல இந்தக் கணவாயின் ரெண்டு பக்கத்து யானையோடதும் இருந்திருக்கலாம்னு நெனைக்கிறப்ப எனக்கு ஒடம்பே சிலிர்க்குது.

கல்பாத்தி_கிருஷ்ணன்

வாத்தியார் சார் மன்னிக்கணும், ஒரு எடத்துல தடுக்கறது. கொடுமணல்ல மணி கிடைச்சது, பட்டணத்துல மணி கிடைச்சது, நடுவுல காசு கிடைச்சது, சரி. ஆனா புள்ளி வெச்சா ரோடு ஆயிடுமா? காசப் புதைச்சவா பயத்துல புதைச்சிருக்கலாம், கோயமுத்தூர்ல நிறைய வயல் உழுததால நிறைய கிடைச்சிருக்கலாம், பாலக்காட்டுப் பக்கம் தேடாததால கொறச்சலா இருக்கலாம். தேடின எடத்துலதானே கிடைக்கும். இந்த வழியா வண்டி போச்சுங்கறதுக்கு வழிலயே ஏதாவது வேணுமாக்கும்.

சித்தூர்_தமிழ்வாத்தியார்

சரியான கேள்விதாங்க. நாணயத்த மட்டும் வெச்சு வழி சொல்றது பலவீனம்தான். அதனாலதான் இப்ப மணியோட கல்லு எந்த எடத்துக் கல்லுன்னு வேதியியல் முறைல பாக்கறாங்க, கண்ணாடி மணில எந்தச் சேர்மானம் எத்தனைன்னு அளக்கறாங்க. படியூர்க் கல்லுக்கு ஒரு ரசாயனக் கையெழுத்து கிடைச்சு, அதே கையெழுத்து கடற்கரைல கிடைச்சா சரக்கு போச்சுங்கறது உறுதி. வழி எதுங்கறது அப்பவும் மிச்சக் கேள்விதான், ஆனா 140 மீட்டர்ல ஒரு வாசல் தொறந்து கிடக்கறப்ப வண்டிக்காரன் 2,000 மீட்டர் ஏறியிருப்பான்னு சொல்றவங்கதான் அத்தாட்சி காட்டணும்னு நான் நெனைக்கிறேன்.

மறையூர்_தேவி

மொழியியல் பக்கமும் ஒரு இடம் குடுங்க. 2018-ல ராயல் சொசைட்டியோட ஒரு ஜர்னல்ல கொலிப்பாக்கமும் மத்தவங்களும் எழுதினது, 20 திராவிட மொழி, ஒவ்வொண்ணுலயும் அடிப்படைச் சொல்லு 100, அதை வெச்சு குடும்ப மரம் வரைஞ்சு திராவிடக் குடும்பத்துக்கு சுமார் 4,500 வயசுன்னு சொன்னாங்க. மரம் வரையற முறை மீனா சொன்ன பறவைக்குப் போடற முறைக்கு ஒறவுதான், புள்ளியியல்ல பேயீசியன்னு சொல்றது. டிஎன்ஏ எழுத்துக்குப் பதிலா சொல்லு.

இதுல எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு. உயிருக்குப் பிரிஞ்ச கெளை பெரும்பாலும் மறுபடி ஒட்டாது. மொழி அப்படி இல்ல, பக்கத்து வீட்டுல இருந்து தெனமும் சொல்லு வாங்கும். நம்ம எல்லைல அதை நான் சொல்லியா தெரியணும், ஒரே சந்தைல தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் நாலும் கேக்குது, அட்டப்பாடி போனா இருளர் மொழி வேற. அடிப்படைச் சொல்லு அவ்வளவு சீக்கிரம் கடன் வாங்காதுங்கறது அவங்க பிடிமானம், அதுல நெறைய நியாயம் இருக்கு, ஆனா எல்லையோரத்துப் பேச்ச வெச்சு சோதிக்கணும். எழுத்துத் தமிழ் ஒண்ணு, எழுத்து மலையாளம் ஒண்ணுன்னு எடுத்தா நடுவுல நிக்கற நாம காணாமப் போயிருவோம். 4,500ங்கற நம்பரும் ஒரு நடுப்புள்ளிதான், முன்ன பின்ன ஆயிரக்கணக்கான வருஷம் நீளும். பத்திரிகைல அந்த நீட்சிய யாருமே போடல, வயச மட்டும் போட்டாங்க.

எருத்தேம்பதி_ராசு

எல்லாரும் அருமையா எழுதறீங்க, மனசுல உள்ளதச் சொல்லிர்றேன். எங்க ஊருக்கும் ஆராய்ச்சிக்குன்னு வந்திருக்காங்க. கெணத்துல தண்ணி எத்தனை ஆழம்னு கயிறு விட்டு அளந்தாங்க, பாட்டில்ல புடிச்சாங்க, வீடு வீடாக் கேள்வித்தாளு வெச்சு எங்க அம்மாகிட்ட ஒரு பகல் பூரா ஒக்காந்து பேசினாங்க, மோரு குடுத்து அனுப்பினோம். பொறவு அவங்க என்ன கண்டுபுடிச்சாங்க, எங்க கெணத்துத் தண்ணி குடிக்கலாமா கூடாதா, ஒரு கடுதாசி இல்ல, ஒரு போனு இல்ல. பிளாச்சிமடைல கோலா கம்பெனி நிலத்தடித் தண்ணிய உறிஞ்சறதுக்கு எதிரா 2002-ல போராட்டம் ஆரம்பிச்ச பொறவு எத்தனை பேரு வந்தாங்க, தண்ணி பாக்கறவங்க, மண்ணு பாக்கறவங்க, சட்டக்காரங்க, சமூகவியல்காரங்க. எழுதினது எல்லாம் எங்கயோ இருக்குது. யானை லத்தி எடுத்தா யானை கேக்காது, நாங்க கேப்போம்ல.

வாயனசாலை_கதிர்

ராசண்ணா, இந்தக் கூட்டம் போடறதே இதுக்குத்தாங்க. நம்மகிட்ட இருந்து எடுத்தது நம்ம பாஷைல நம்மகிட்ட திரும்பி வரணும். வர்றவங்க கொண்டு வரலன்னா நாம போய் எடுத்துட்டு வரணும்.

மீனா_வேலந்தாவளம்

ராசண்ணா சொன்னது நெஞ்சுல குத்துது, நானும் நாளைக்கு லத்தி எடுக்கப் போறவதான். மனுசங்ககிட்ட கேள்வி கேட்டு எழுதறவங்க முன்னாடியே சம்மதம் வாங்கணும், ஒழுக்கக் குழு அனுமதி வாங்கணும்னு விதி இருக்குது. திருப்பிக் கொண்டுவந்து சொல்லணும்ங்கறது மட்டும் பெரும்பாலும் அவங்கவங்க மனசாட்சிக்கு விட்டுருக்கு. வேலை உயர்வு, ஸ்காலர்ஷிப் எல்லாம் கட்டுரை எண்ணிக்கையப் பாத்துத்தான் வருது, கிராமத்துல போய் விளக்கினதுக்கு யாரும் மார்க்கு போடறதில்ல. அது நியாயமில்ல, அதை மாத்தணும்னு எங்க காலேஜ்லயே நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.

கல்பாத்தி_கிருஷ்ணன்

துறைகள் சேந்து ஒக்காந்தா என்ன நடக்கும்ங்கறதுக்கு நம்ம ஜில்லாவுலயே உதாரணம் இருக்கு, சைலண்ட் வேலி. குந்திப்புழைல அணை கட்டறதுன்னு வந்தப்போ உயிரியல்காரா, எஞ்சினியர், பொருளாதாரம் படிச்சவா எல்லாரும் சேந்து சாஸ்திர சாகித்ய பரிஷத்துங்கற கேரள அறிவியல் இயக்கத்துக்காக 1979-ல ஒரு அறிக்கை எழுதினா. மின்சாரம் வேண்டாம்னு அவா சொல்லல, எத்தனை மின்சாரம் வரும், அதை வேற எப்படி எடுக்கலாம், சிங்கவால் குரங்குக்கு என்ன ஆகும்னு பக்கத்துல பக்கத்துல கணக்கு வெச்சா. ஊர் ஊராப் போய் மலையாளத்துல பேசினா. 1984-ல அது தேசியப் பூங்கா ஆச்சு. ஜனங்களுக்குப் புரிஞ்சதாலதான் நடந்தது, கேட்டேளா.

மறையூர்_தேவி

எங்க கிடைக்கும்னு கதிர் கேட்டிருந்தார். ப்ளோஸ் ஒன் கட்டுரை யாருக்கும் இலவசம். பிஎச்டி ஆய்வேடுங்க சோத்கங்காங்கற இணையத் தளத்துல இருக்கு, தமிழ்ல எழுதின ஆய்வேடும் அங்க நெறைய இருக்கு, நம்ம ஜில்லா பேரப் போட்டுத் தேடிப் பாருங்க. காசு கட்டற ஜர்னலுக்கு, ஒரே நாடு ஒரே சந்தான்னு மத்திய அரசு 2025 ஜனவரில ஆரம்பிச்சிருக்கு, சுமார் 13,000 ஜர்னல், ஆனா அது அரசு கல்லூரி, ஆய்வு நிறுவனங்களுக்குத்தான், வாயனசாலைக்கு இல்ல. கிடைக்கலன்னா எழுதினவங்களுக்கே மெயில் போடுங்க, ஒரு பிரதி கேட்டா பெரும்பாலும் சந்தோஷமா அனுப்புவாங்க.

ஒரு எச்சரிக்கை, காசு வாங்கிக்கிட்டு யார் எதை அனுப்பினாலும் போடற போலி ஜர்னலுங்க பெருகிருச்சு. தெரியாத ஜர்னல்னா ஆசிரியர் குழுல யார் இருக்காங்க, கட்டுரைய வேற ஆளுங்க சரிபாத்த தேதி இருக்கான்னு பாருங்க. ரெண்டு நாள்ல ஏத்துக்கிட்டாங்கன்னா நம்பாதீங்க.

வாயனசாலை_கதிர்

சரி, இப்படி முடிவு பண்ணிக்கிறேன். மொதல் கூட்டம் யானை, மீனா வந்து பேசணும். ரெண்டாவது சோலைக்கிளி, அதுக்கு முத்தண்ணா பாறை வயச வெச்சு எதிர்க்கேள்வி கேக்க வரணும். மூணாவது வாத்தியாரய்யா, கிருஷ்ணன் மாமா பக்கத்துல ஒக்காரணும். தேவியக்கா மறையூர்ல இருந்து வர்றது தூரம், ஆன்லைன்ல சேருங்க. ராசண்ணாவோட தண்ணி விஷயம் எதுல சேக்கறதுன்னுதான் தெரியல.

எருத்தேம்பதி_ராசு

என் விஷயத்த நானே பாத்துக்கறேன் கதிரு. எங்க கெணத்துத் தண்ணி மட்டத்த நோட்டுல எழுதலாம்னு இருக்கறேன், பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நாலஞ்சு பேரும் எழுதறேன்னு சொல்லியிருக்காங்க. பரம்பிக்குளம்–ஆளியாறு தண்ணி மணக்கடவுல வருஷம் 7.25 டிஎம்சி விடணும்னு ஒப்பந்தம், வாய்க்கால்ல தண்ணி வந்தா கெணறு எத்தனை நாள்ல ஏறுது, மழைக்கு எத்தனை ஏறுதுன்னு எங்களுக்கே தெரியணும். எப்புடி எழுதினா நாளைக்கு ஒருத்தர் படிச்சு ஒத்துக்குவாரு, அதை மட்டும் யாராவது சொல்லிக் குடுங்க.

கல்பாத்தி_கிருஷ்ணன்

சொல்றேன், எழுதிக்கோங்கோ ராசு. கெணத்து விளிம்புல ஒரு எடத்துல பெயிண்ட்ல கோடு போட்டுக்கணும், எப்பவும் அந்தக் கோட்டுல இருந்துதான் டேப்ப எறக்கணும், கெணத்துக்குக் கெணறு அந்த விளிம்பு தரைக்கு மேல எத்தனை ஒசரம்னு தனியா குறிச்சு வெக்கணும். வாரத்துல ஒரே கிழமை, காலம்பற ஒரே நேரம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நாலு தடவைதான் அளக்கறது, நீங்க வாராவாரம் அளந்தா அவா கணக்குல தெரியாததெல்லாம் உங்க நோட்டுல தெரியும். மழை பெஞ்சா எத்தனை மில்லிமீட்டர்னு ஒரு மழைமானி வெச்சு அதே நோட்டுல போடுங்கோ. அளக்க முடியாத வாரம் காலியா விடணும், குத்துமதிப்பா ஒரு நம்பர் போட்டு நிரப்பவே கூடாது.

எருத்தேம்பதி_ராசு

காலம்பறன்னா மோட்டாரு போடறதுக்கு முன்னாடியா பின்னாடியா? எங்க பக்கம் கரண்டு வந்ததும் எல்லாரும் ஓட்டிருவாங்க.

கல்பாத்தி_கிருஷ்ணன்

முன்னாடிதான். ராத்திரி பூரா ஓட்டாம நின்ன மட்டம்தான் சரியான மட்டம். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடிண்டிருந்தா அதையும் ஓரத்துல எழுதிடுங்கோ, அது உங்க கெணத்தையும் இழுக்கும்.

எருத்தேம்பதி_ராசு

சரிங்க. ஞாயித்துக்கெழமை கோடு போட்டுர்றேன்.